ரெய்னர் துரையின் ஏழு கறுப்புக் கடிதங்கள்

தபால்காரர் நாராயணன் சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அந்த உறையை நீட்டினார். நான் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

உறையின் நாலு பக்கமும் விரல் அகலத்துக்குக் கறுப்பு.

"என்ன தங்கச்சி, பாம்பையா நீட்டறேன்? உங்க வீட்டு வெள்ளைக்காரருக்கு வந்தது லா."

"அந்தப் படிக்கட்டுக்கு வெளியவே வெச்சிட்டுப் போங்கண்ணே. உள்ள கொண்டாராதீங்க."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நாராயணன் உறையைப் படியில் வைத்து, அது பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போனார். அவரும் நம்மவர்தான், அவருக்குப் புரிந்திருந்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்லி வைக்கிறேன். அப்போதெல்லாம் சாவுச் செய்தி எழுதும் கடிதத்தின் மூலைகளில் கறுப்பு மை தடவி அனுப்புவார்கள். அதை வீட்டுக்குள் எடுத்து வரக் கூடாது. வெளியே நின்று படித்து, படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான், டத்தோ கிராமாட் சடக்கில், அந்த ரோட்டில் இருந்த எல்லாத் தமிழர் வீட்டிலும் அப்படித்தான்.

அப்போது எனக்கு வயிற்றில் நாலு மாதம். அதற்கு முன் இரண்டு தங்காமல் போயிருந்தன. நான் எதற்கெல்லாம் பயந்திருப்பேன் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முன் அறையைத் தட்டி ரெய்னர் துரையைக் கூப்பிட்டேன். அவர் வந்து தூறலில் நின்றபடியே உறையைப் பிரித்தார். நாலைந்து வரி படித்திருப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மேற்கொண்டு படிக்காமல் கடிதத்தை மடித்தார்.

"கிழிச்சிடுங்க துரை," என்றேன்.

"கிழிக்கவா? இதையா?"

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கடிதத்தோடு நேராக வீட்டுக்குள் போய்விட்டார்.

முன் அறைக்கு வந்த விருந்தாளி

இந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தார் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சர்க்கார் கிராணி. கப்பலில் வருகிறவர்களின் காகிதங்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஒரு நாள் மாலை, கையில் ஒரு தோல் பெட்டியோடு உயரமான வெள்ளைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவர் நம்ம முன் ரூம்ல தங்கப் போறாரு," என்றார். யோசனை கேட்கவில்லை, செய்தி சொன்னார்.

வெள்ளைக்காரர் என்றால் கடலோர ஹோட்டலில் தங்குவார், இல்லாவிட்டால் மலையடிவாரத்துப் பங்களாவில். தமிழர் வீட்டு முன் அறையில், ஒரே ஒரு ஜன்னலும் ஒரு கயிற்றுக் கட்டிலும் இருக்கிற இடத்தில் வந்து ஏன் தங்க வேண்டும்? இந்தக் கேள்வி என் மண்டையைக் குடைந்தது. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பாசாரில் நண்டு வாங்கினால்கூட ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்ப்பேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா வேறு எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாள். "ஏன்டி, சொந்த சாதிக்காரன் ஊருக்குள்ள சேத்துக்காதவனா இருக்கும். கொலை கிலை பண்ணிட்டு ஓடி வந்தவனோ என்னமோ."

அவர் ஜெர்மன் பேசுகிறவர், வியன்னாக்காரர். எங்களோடு பேசுவது பாதி ஆங்கிலம், பாதி பாசார் மலாய். நான் கான்வென்டில் ஐந்தாவது வரை படித்தவள், அதனால் சமாளிப்பேன். அவர் பேசியதையெல்லாம் இங்கே எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன். 'துரை' என்றால் அவருக்குப் பிடிக்காது. "நான் துரை இல்லை, நெசவாலைத் தொழிலாளியின் மகன்," என்பார். ஒரு துரைக்குத் தன்னைத் துரை என்று சொல்ல வாய் கூசினால் அது எனக்கு இன்னொரு சந்தேகம்.

மேசை மேல் ஏறியவர்

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டுக்காரரும் அவரும் நடையில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். நான் அடுப்படியில் இருந்தபடியே காதை அங்கே அனுப்பி வைத்துவிடுவேன்.

பதினோரு வயதில் ஆலையில் நூல் கட்டை சுமக்கப் போனாராம். பிறகு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. ஈய எழுத்தை எல்லாம் தலைகீழாகப் படித்துப் பழகியதால், எதிரே உட்கார்ந்திருப்பவரின் மேசையில் உள்ள காகிதத்தைக்கூட இந்தப் பக்கமிருந்தே படித்துவிடுவாராம். இதைக் கேட்ட நாளிலிருந்து, அவர் இருக்கும்போது பாசார் சீட்டைக்கூட நான் கவிழ்த்துத்தான் வைத்தேன்.

இருபது வயதில் ஒரு பீர்க் கடையில் மேசை மேல் ஏறி நின்று, வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று பேசினார். இறங்குவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. நாலு மாதம் உள்ளே. வெளியே வந்தபோது வாசலில் ஆலைப் பெண்கள் இருநூறு பேர் நின்றார்கள் என்று சொல்வார். எங்கள் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். இருநூறு என்று யார் எண்ணினார்கள் என்று நான் உள்ளே இருந்து கேட்டுக்கொள்வேன்.

பெரிய சண்டை வந்தபோது சண்டை கூடாது என்று எழுதி மறுபடியும் சிறை. சண்டை முடிந்து ராஜா ஓடிப்போன பிறகு சட்டசபை உறுப்பினர். சோஷலிஸ்டுக் கட்சி. வியன்னாவில் தொழிலாளிகளுக்கு மாடி மாடியாக வீடுகள் கட்டினார்களாம். அதிலேயே குளிக்கும் இடம், துணி துவைக்கும் இடம், பிள்ளைகள் படிக்கும் இடம்.

ஒரு நாள் சொன்னார்: "பிள்ளை பிறந்தால், பணக்கார வீடோ ஏழை வீடோ, நகரசபை ஒரு பெட்டி கொடுக்கும். உள்ளே குழந்தைக்கு வேண்டிய துணியெல்லாம் இருக்கும்."

நான் கரண்டியோடு வெளியே வந்துவிட்டேன். "சும்மாவா?"

"சும்மா. எந்தக் குழந்தையும் செய்தித்தாளில் சுற்றப்படக் கூடாது என்று நாங்கள் முடிவு செய்தோம்."

அப்போதுதான் எனக்கு முழுசாகத் தீர்மானமாகியது, இந்த ஆள் பொய் சொல்கிறான் என்று. எங்கள் சடக்குக்கு நகரசபைக்காரன் வந்தால் சாக்கடைக்கு மருந்து தெளிப்பான், வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தால் அபராதச் சீட்டு எழுதுவான். பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிற நகரசபை எந்த உலகத்தில் இருக்கிறது? ஒரு விஷயத்தில் இப்படிப் புளுகுகிறவர் எல்லா விஷயத்திலும் புளுகுவார் என்று நினைத்தேன். (அந்தப் பெட்டி உண்மைதான் என்று பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். படித்துவிட்டு வெகு நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அதன் பிறகு அவர் நாட்டில் ஆட்சி மாறியது. கட்சியைத் தடை செய்தார்கள். அவர்கள் கட்டிய அந்த வீடுகளை நோக்கியே பீரங்கி வைத்துச் சுட்டார்கள். இவர் ஒரு பால் வண்டியில் தகரக் குடங்களுக்கு நடுவே படுத்து எல்லை தாண்டினார். மனைவி அதற்கு முன்பே காலமாகியிருந்தாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் காப்பியைக் குடிக்காமல் ஆற விட்டுவிடுவார்.

காக்கி போடாத மாத்தா

பாக்கியம் அக்காவின் வாய்க்குப் பூட்டு கிடையாது. இரண்டு மாதத்துக்குள் ஒருவர் பின் வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் குடை, நெற்றியில் விபூதி. கோவிந்தசாமி என்று பேர் சொன்னார். மாத்தாதான், போலீஸ்காரர்தான், ஆனால் காக்கி போடாத மாத்தா. எங்கள் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வந்திருந்தார்.

"பயப்படாதீங்கம்மா. சும்மா விசாரிச்சுட்டுப் போலாம்னு வந்தேன். அந்த ஜெர்மன்காரனுக்கு யாரு கடுதாசி போடறா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சுக்குங்க. ஒண்ணு ஜெர்மனிக்கு உளவு பாக்கறவனா இருப்பான், இல்லாட்டி ரஷ்யாவுக்கு உளவு பாக்கறவனா இருப்பான். ரெண்டும் சர்க்காருக்கு ஆகாது. உங்க வீட்டுக்காரரு சர்க்கார் சோறு சாப்பிடறாரு. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, குடும்பத்தோட நாகப்பட்டணத்துக்குக் கப்பல் ஏத்திடுவாங்க லா. யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். வயிற்றைத் தொட்டுக்கொண்டு யோசித்தேன். மூன்று தடவை அவர் வந்தார், மூன்று தடவையும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார், எந்தத் தலை போட்ட தபால்தலை. எங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை.

இந்தத் தொடரைப் படிக்கும் ஈப்போ வாசகி ஒருவர், "உங்களிடம் மறைக்கத் தெரியாத வெள்ளை மனசு" என்று போன வாரம் எழுதியிருந்தார். அம்மா, இதையும் படித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

தூறலில் கடிதம் வந்த மறுநாள் கோவிந்தசாமி நாலாவது தடவையாக வந்தார். கறுப்பு ஓரம் போட்ட உறையைப் பற்றிச் சொன்னேன். குறித்துக்கொண்டார். "இது மாதிரி முன்னாடியும் வந்திருக்கா? எத்தனை இருக்குன்னு எண்ணி வைங்கம்மா," என்றார்.

ரெய்னர் ஒரு சீன டாக்டரின் பையனுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுக்கப் பதினோரு மணிக்குப் போவார். அவர் போனதும் எண்ணுவதற்காக அந்த அறைக்குள் நுழைந்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்தேன்.

ஒன்று இல்லை, ஏழு. ஏழும் கறுப்பு. மற்ற ஆறும் அவர் வரும்போதே அந்தத் தோல் பெட்டியில் வந்திருக்க வேண்டும்.

ஏழு சாவை வீட்டுக்குள், என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் படுத்திருந்தார். மாதக்கணக்காக. கோவிந்தசாமி, எண்ணிக்கை, எல்லாம் மறந்துபோயிற்று. என் பிள்ளை என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை.

டின்னைப் புறக்கடைக்கு எடுத்துப் போய், சாக்கடை ஓரத்தில் நின்று, ஏழையும் கிழித்தேன். நல்ல தடித்த காகிதம், விரல் வலித்தது. மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று. டின்னைத் திரும்ப வைத்துவிட்டு மஞ்சள் தேய்த்துத் தலைக்குக் குளித்தேன். உடம்பு லேசாயிற்று. அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வெற்று டின்

நாலு மணிக்கு ரெய்னர் திரும்பி வந்தார். ஐந்து நிமிஷம் கழித்து டின்னைக் கையில் பிடித்தபடி அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, இதில் இருந்த கடிதங்கள்?" சுற்றி இருந்தவர்களைப் பார்த்து அவரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"எனக்குத் தெரியாது," என்றேன்.

எங்கள் வீட்டுக்காரர் வந்ததும் நடையில் உட்கார்ந்து அவர் விஷயத்தைச் சொன்னார். அவருடைய நாட்டு அரசாங்கம் அவர் பாஸ்போர்ட்டை ரத்து செய்துவிட்டது. அவர் அரசியல்வாதியே அல்ல, கட்சிப் பணத்தோடு ஓடிய திருடர், பிடித்து அனுப்புங்கள் என்று இங்கே எழுதியிருக்கிறார்கள். குடிநுழைவு அலுவலகத்துத் துரை, நாளைக் காலை பத்து மணிக்குள் ஏதாவது ஆதாரம் காட்டு, இல்லாவிட்டால் சனிக்கிழமை மேற்கே போகிற கப்பலில் ஏற்றிவிடுவேன் என்று இன்று சொல்லியிருக்கிறார்.

"அந்தக் கடிதங்கள்தான் ஆதாரம். என்னோடு சட்டசபையில் இருந்தவர்கள், கட்சியில் இருந்தவர்கள். தூக்கில் போட்டார்கள், சிறையில் அடித்துக் கொன்றார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் எழுதியவை. பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து தபாலில் போட்டார்கள். என் பெயரும் பட்டியலில் இருக்கிறது, வராதே என்று எழுதியிருந்தார்கள்."

எங்கள் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "இது மாத்தாக்காரனுங்க வேலை. வீட்டுல ஆள் இல்லாதப்ப எவனோ பூந்து எடுத்திருக்கான். நீ பாத்தியா? யாராச்சும் வந்தாங்களா?"

நான் முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "யாரும் வரல," என்றேன்.

சொன்னால் நான் உளவு சொன்னது என் புருஷனுக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் சனிக்கிழமை கப்பலேறுவார், இறங்குகிற இடத்தில் கயிறு காத்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் அரிசியில் கல் பொறுக்கினேன். ஒரு கல்கூட என் கண்ணில் படவில்லை.

பத்து மணிக்கு

காலையில் இருவரும் போன பிறகு ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன். அதுவரை அரசாங்க அலுவலகம் எதிலும் நான் கால் வைத்ததில்லை. வாசலில் இருந்த பியூன் தடுத்தான். "பத்து மணிக் கேசுக்குச் சாட்சி," என்றேன். வயிற்றைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

உள்ளே மேசைக்குப் பின்னால் துரை. எதிரே நாற்காலியில் ரெய்னர். ஜன்னலோரம் இன்னொருவர். கோவிந்தசாமி. அவர்தான் மொழிபெயர்ப்புக்கும்.

தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். கடிதங்கள் இருந்தன, ஏழு, கறுப்பு ஓரம், நான்தான் கிழித்தேன். கோவிந்தசாமி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். "ஏன் கிழித்தாய்?" என்று துரை கேட்டதற்கு அவரே பதில் சொன்னார்: "எங்கள் வழக்கம் ஐயா. சாவுக் கடிதத்தை வீட்டில் வைக்க மாட்டோம். என் வீட்டிலும் அப்படித்தான்."

"அறைக்குள்ள எதுக்குப் போனேன்னா, இவருதான் எண்ணச் சொன்னாரு," என்றேன்.

கோவிந்தசாமி இதை மொழிபெயர்க்கவில்லை. வெளியே பார்த்தார்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. ஐந்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் நானே சொன்னேன். இந்த மனிதர் என் வீட்டுக்கு வருவார், நான் இவருக்குத் தகவல் சொல்வேன், நாலு தடவை சொன்னேன், கடிதத்தை எண்ணச் சொன்னது இவர். சொல்லும்போது ரெய்னரைப் பார்க்கத் தைரியம் இல்லை. கடைசியில் பார்த்தேன். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. அந்த மேசையில் விரித்துக் கிடந்த கோப்பை அவர் எதிர்ப் பக்கமிருந்து எத்தனை நாள் தலைகீழாகப் படித்திருப்பாரோ, எனக்குத் தெரியாது.

துரை பேனாவை வைத்தார். "வசதியாக இருக்கிறது. நேற்று கடிதங்கள் காணாமல் போகின்றன. இன்று வீட்டுக்காரி வந்து நான் கிழித்தேன் என்கிறாள். மிஸ்டர் ரெய்னர், உம்மையே காட்டிக் கொடுத்த பெண் இவள். இவள் பேச்சை நான் எதற்கு நம்ப வேண்டும்?"

ரெய்னர் எழுந்து நின்றார். ஒரு கையை மேசை விளிம்பில் வைத்தார். அவர் சட்டசபையில் எப்படி நின்றிருப்பார் என்று அப்போது தெரிந்தது.

"என்னைப் பற்றி இந்த அம்மாள் சந்தேகமாகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நீங்கள் நம்பினீர்கள். தேதி போட்டுக் கோப்பில் வைத்தீர்கள். எனக்குச் சாதகமாக ஒரே ஒரு வார்த்தை சொல்ல வந்திருக்கிறார். இதையும் அதே கோப்பில் வையுங்கள்."

துரை பேனாவை மறுபடி கையில் எடுத்தார். கோப்பைப் புரட்டினார். கோவிந்தசாமியைப் பார்த்தார். பிறகு எழுதினார்: வேறு நாடு ஏற்றுக்கொள்ளும் வரை இங்கே இருக்கலாம், வாரம் ஒரு முறை வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

வெளியே வந்த பிறகு

சடக்கில் வெயில் அடித்தது. நான் அழுதேன். மன்னிக்கச் சொன்னேன், மலாயில், ஆங்கிலத்தில், தமிழில்.

"என் ஊரில் என்னைக் காட்டிக் கொடுத்தவர்கள் நிறையப் பேர்," என்றார். "வந்து சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அது சின்னக் காரியம் இல்லை, அக்கா."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, ரிக்‌ஷாவுக்கு நிற்கும்போது, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆறு கடிதம் எனக்கு மனப்பாடம். ஏழாவதை நான் முழுசாகப் படிக்கவில்லை. படிக்க மனம் வரவில்லை, நாளைக்குப் படிக்கலாம் என்று வைத்திருந்தேன்."

"யாரு எழுதினது?"

"என் தங்கை. அவள் மகனைப் பற்றி."

அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயதாம். செத்துப்போனான் என்பது வரைதான் அவர் படித்திருந்தார். எப்படி, எங்கே, கடைசியாக என்ன சொன்னான் என்பதெல்லாம் அதற்குக் கீழே இருந்திருக்கும். தங்கைக்கு எழுதிக் கேட்க முடியாது. இவரிடமிருந்து ஒரு கடிதம் போனாலே அவள் மாட்டிக்கொள்வாள்.

மறுநாளே அறையைக் காலி செய்தார். இருங்கள் என்று கெஞ்சினேன். "உங்கள் மேல் கோபம் இல்லை," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு சீனத் தையல்கடையின் மாடிக்குப் போனார். எங்கள் வீட்டுக்காரருக்கு வேலை போகவில்லை. ஆனால் விஷயம் தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பெண் பிறக்கும் வரை அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான். ரெய்னர் அடுத்த வருஷம் ஷாங்காய்க்குப் போய்விட்டதாகக் கேள்வி. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

போவதற்கு முன் ஒரே ஒரு தடவை சௌராஸ்டா பாசாரில் அவரைப் பார்த்தேன். இடுப்பில் பிள்ளையோடு மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அவரே வந்து தொப்பியைக் கழற்றினார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார், பேர் கேட்டார், எடை கேட்டார், சிரித்தார். உண்மையான சிரிப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் சட்டைப் பையில் ஒரு கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கை போய் அதை மூடிக்கொண்டது. பேசி முடித்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு, கூட்டத்தில் மறையும் வரை அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.